நூற்றுப் பத்தொன்பது

தில்டேயின் விலை நூற்றுப் பத்தொன்பது குரோனர்.

ஜனவரி மூன்றாம் தேதியிலிருந்து அவளுடைய அப்பா கெல்ட் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார். தோலும் முள்ளும் நீக்கிய காட் மீன் அரைக்கிலோ விற்கிற விலை அது. அம்மா யொன்னாவுக்கு எண்பத்தொன்பது, அதாவது தட்டைமீன். காப்பி வேண்டுமென்றால் இருபத்தைந்து என்பார். ரொட்டியோடு ஒரு மீன்வடை விற்கிற விலை. பக்கவாதம் மண்டைக்குள் புகுந்து ஐம்பத்தெட்டு வருடச் சொற்களை வாரிக்கொண்டு போனபோது, இரண்டே இரண்டு சரக்கை மட்டும் வேண்டாமென்று விட்டுவிட்டுப் போயிருந்தது: மீன் விலைகளும், 'சாத்தானே' என்ற வசவும். முப்பது வருடமாக நாளைக்கு இருநூறு தடவை சொன்னவை மூளையில் வேறொரு பெட்டியில் கிடக்கும் என்று டாக்டரம்மா விளக்கினாள். மகள் பெயரை அத்தனை தடவை சொல்லியிருக்கவில்லை போல என்று தில்டே நினைத்துக்கொண்டாள். வெளியே சொல்லவில்லை.

வெளியே சொல்லாமல் இருப்பதில், டென்மார்க்கின் மேற்குக் கரையில் இருக்கிற சாண்ட்ஹாவ்ன் துறைமுகத்துக்காரர்கள் எல்லோருமே கெட்டி. மேற்குக் காற்றில் கூரை பறந்துபோன வீட்டுக்காரனை நிறுத்தி எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "போகுது" என்பான். ரொம்ப வற்புறுத்தினால், "வெளிச்சம் நல்லா வருது" என்று சேர்த்துக்கொள்வான். அந்த ஊரில் பிறந்து பேச்சை விற்றுப் பிழைத்தவர் கெல்ட் ஒருவர்தான். பக்கவாட்டுக் கதவை மேலே தூக்கினால் கடையாகிவிடுகிற வெள்ளை மீன் வண்டி அவருடையது. வியாழனும் வெள்ளியும் உள்நாட்டுப் பக்கம் பதினோரு கிராமங்கள். "இந்த மீன் நேத்து ராத்திரி என்னைவிட நல்லாத் தூங்கிச்சு, அதுக்கு வீட்டுக்கடன் கிடையாது பாருங்க" என்று ஆரம்பித்தாரானால், அரைக்கிலோ வாங்க வந்த கிழவி ஒன்றரைக் கிலோவோடும் சிரிப்போடும் வீடு போவாள்.

மருத்துவமனையிலிருந்து அவரைக் கூட்டி வந்த அன்று மத்தியானம், சமையலறையில் அம்மாவும் மகளும் காப்பிக் கோப்பைகளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். யொன்னாவுக்கு மீன் ஆலையில் காலை ஐந்து மணியிலிருந்து ஒரு மணி வரை வேலை. தொழிற்சாலைத் தொப்பியின் ரப்பர் பதிந்த கோடு நெற்றியில் சாயங்காலம் வரைக்கும் இருக்கும்.

"வண்டி ரெண்டு வாரம் போகலேன்னா எல்லாரும் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போயிருவாங்க. போனவங்க திரும்ப மாட்டாங்க," என்றாள் யொன்னா.

"நான் ஓட்டறேன். லைசென்ஸ்தான் இருக்கே."

"பள்ளிக்கூடம்?"

"வியாழன், வெள்ளி மட்டுந்தானே."

யொன்னா கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "கேட்டா அப்பாவுக்கு இடுப்புல அடின்னு சொல்லு."

"பள்ளிக்கூடத்துலயுமா?"

"அங்க படிக்கிறதெல்லாம் யாரு? நம்மகிட்ட மீன் வாங்கறவங்க பேரன் பேத்திங்கதானே? வாய வித்துப் பிழைச்ச மனுஷன். வாயே போச்சுன்னு தெரிஞ்சா வந்து தலைய ஒருபக்கமாச் சாய்ச்சுப் பாப்பாங்க, பாத்துட்டுப் போய் மீன வேற இடத்துல வாங்குவாங்க. இடுப்புன்னா மரியாதை."

"சரி."

"எண்பத்தொன்பது," என்றார் கெல்ட் ஜன்னலோரமிருந்து. தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். காது அப்படியேதான் இருந்தது.

இரண்டு வாரம் என்று ஆரம்பித்தது மார்ச் வரை வந்தது. வியாழனும் வெள்ளியும் காலை ஐந்து மணிக்குத் தில்டே துறைமுக ஏலக்கூடத்தில் நின்றாள். ரப்பர் பூட்ஸ், அப்பாவின் தொளதொளத்த கோட்டு. மொத்தவியாபாரிகள் அவளைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொள்வதும், தணித்த குரலிலேயே விலையை ஏற்றிவிடுவதும் முதல் மாதம் நடந்தது. இரண்டாம் மாதம் அவளும் கற்றுக்கொண்டாள். பத்தொன்பது வயதில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து அது எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று சொல்லத் தெரிந்தது. வடிவியலில் அந்தக் கோணம் ஏன் அப்படி வருகிறது என்று மட்டும் தெரியவில்லை. பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு வியாழக்கிழமை.

இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த நகரத்தில் அவள் பள்ளி. மூன்றாம் வருடம், கடைசி வருடம். டேனிஷ் மொழி ஆசிரியர் ஆஸ்கெர் ஒரு திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்தி வைத்தார். கோபன்ஹேகன்காரர், நல்ல மனிதர்.

"முப்பத்திரண்டு சதவீதம் வரல நீ. இது நல்லதுக்கில்ல தில்டே."

"தெரியும்."

"காரணம் எதாவது இருந்தா ஒரே ஒரு வரி எழுதிக் குடு. நான் முதல்வர்கிட்ட பேசறேன். காரணத்தோட வராம இருக்கறது வேற, சும்மா வராம இருக்கறது வேற."

"ஒண்ணுமில்ல."

"வீட்டுல எல்லாம் எப்படி?"

"போகுது."

பதினோரு வருடம் அந்தக் கரையில் வாழ்ந்தும் ஆஸ்கெருக்கு அந்தச் சொல்லின் எடை பிடிபடவில்லை. உள்ளூர் ஆசிரியராக இருந்திருந்தால் அந்தத் தொனிக்கே கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார். அவர் போகிறது என்றால் போகிறது என்றே எடுத்துக்கொண்டார். தோளைத் தட்டி, "அப்ப சரி, கொஞ்சம் கவனி," என்றார்.

பத்து நாளில் முதல்வரின் கடிதம் வந்தது. பதினெட்டு வயது தாண்டியவர்களுக்கு அவர்கள் பெயருக்கே வரும். பெற்றோருக்கு நகல் கிடையாது. மற்றவர்களுக்குக் குலுக்கலில் விழுந்த நாலைந்து பாடங்களில் தேர்வு வைத்து, மீதிக்கு வகுப்பு ஆசிரியர் போடுகிற மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வார்கள். காரணமின்றி வராதிருந்ததால் தில்டேக்கு அந்தச் சலுகை இல்லை. எல்லாப் பாடத்திலும் தேர்வு. மொத்தம் பத்து. அவள் அதை மீன் வண்டியில், தராசுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவில் நின்று படித்தாள். பிறகு நாலாக மடித்து, சில்லறை டப்பாவில் நோட்டுக்களுக்கு அடியில் வைத்தாள். அப்பா இனிமேல் அதைத் திறக்கப் போவதில்லை.

மே மாதம் பிறந்ததும் காற்று தெற்குக்குத் திரும்பிற்று. மணல்மேட்டுப் புல் பச்சையானது. பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம். டென்மார்க் முழுக்கப் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு பாடப் புத்தகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாமார்கள் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்கள், அம்மாமார்கள் ஸ்ட்ராபெரி நறுக்கித் தட்டில் வைத்துவிட்டு விரல்நுனியில் நடந்து போனார்கள். தில்டே வேதியியல் சமன்பாடுகளைக் கொட்டை எழுத்தில் எழுதி ஐஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தாள். திறந்து திறந்து ஈரத்தில் காகிதம் உப்பி, ஜூன் முதல் வாரத்தில் கார்பனும் ஆக்ஸிஜனும் ஒன்றாகவே கரைந்து போயின.

"உங்கப்பன் இடுப்பு இன்னுமா சரியாகல?" என்று கேட்டாள் எல்னா. நாலாவது கிராமத்தில் வண்டி நின்றதும் முதல் ஆளாக வருகிற எழுபது வயதுக்காரி.

"கொஞ்சம் கொஞ்சமா."

"அஞ்சு மாசமா ஒரு இடுப்பா? என் புருஷனுக்கு ரெண்டு இடுப்பும் மாத்தி, மூணாம் மாசம் இன்னொருத்தியோட நாட்டியத்துக்குப் போயிட்டான்." எல்னா தட்டைமீனை விரலால் அமுக்கிப் பார்த்தாள். "அவன் என்னை ஏமாத்தினதெல்லாம் இடுப்பால இல்ல பொண்ணே, வாயால. உங்கப்பன் வாய் நல்லாருக்கா?"

தில்டே தராசைப் பார்த்தபடி நின்றாள். முள் நிலைக்கு வந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"போகுது," என்றாள்.

எல்னா நிமிர்ந்தாள். அவள் உள்ளூர்க்காரி. ஒரு நொடி தில்டேயின் முகத்தையே பார்த்துவிட்டு, அரைக்கிலோ கேட்டவள் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த நாட்டு மதிப்பெண் முறையைப் பற்றி ஒரு வியாபாரிக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பன்னிரண்டு, பத்து, ஏழு, நாலு, இரண்டு, சைபர். அதற்குக் கீழே ஒன்று இருக்கிறது: மைனஸ் மூன்று. சரக்கோடு சந்தைக்குப் போனவன் ஒன்றும் விற்காமல் திரும்புவது உலகத்தில் உண்டு. போய் நின்ற குற்றத்துக்குக் கைக்காசிலிருந்து மூன்றை வைத்துவிட்டு வா என்று சொல்கிற சந்தை இது ஒன்றுதான். தில்டே கணிதத்தில் அந்த மூன்றைக் கட்டினாள். வேதியியலில் சைபர். ஆங்கிலத்தில் நாலு, உயிரியலில் நாலு. மீனை அறுத்தவளுக்குச் செவுளைப் பற்றிக் கேள்வி வந்தது ஒரு அதிர்ஷ்டம். பாடத்தின் எடையால் பெருக்கி, முந்தைய வருடங்களையும் சேர்த்துக் கூட்டினால் நாற்பத்தெட்டு வரவேண்டும். அப்போதுதான் சராசரி இரண்டு, அப்போதுதான் தேர்ச்சி. ஒன்பது தேர்வு முடிந்தபோது அவளிடம் நாற்பது இருந்தது. மீதி ஒரே ஒரு தேர்வு, டேனிஷ் வாய்மொழி. இரட்டை எடையுள்ள பாடம். நாலு வாங்கினால் எட்டு. நாற்பத்தெட்டு சரியாக வந்துவிடும்.

இந்தக் கணக்கு மீன் சுற்றும் காகிதத்தின் ஓரத்தில் இருந்தது. யொன்னாவுக்குத் தெரியாது. யொன்னா ஒன்பதாம் வகுப்போடு ஆலைக்குப் போனவள்.

"இந்த வருஷம் பரீட்சை ரொம்ப ஜாஸ்தியோ?" என்று ஒருதடவை கேட்டாள்.

"எல்லாருக்குந்தான்."

"பாவம் பிள்ளைங்க," என்றாள் யொன்னா.

அவளுக்குத் தெரிந்தது தொப்பி. வெள்ளை உச்சி, சிவப்புப் பட்டை, கறுப்பு முனை. பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் மட்டும் போடுகிற அதை டிசம்பரிலேயே, கெல்ட்டுக்குப் பேச்சிருந்த காலத்தில், ஆர்டர் கொடுத்திருந்தார்கள். யொன்னா தையல் நாடாவால் மகளின் தலையைச் சுற்றி அளந்தாள். "ஐம்பத்தாறு. உங்கப்பா மண்டை," என்றாள். கெல்ட் அப்போது, "மண்டை என்னோடதா இருந்தா பரவால்ல, உள்ள இருக்கறது உன்னோடதா இருக்கட்டும்," என்று சொன்னார். ஏப்ரலில் தொப்பி வந்தது. கடைசித் தேர்வு முடிகிறவரை அதைத் தலையில் வைக்கக்கூடாது, வைத்தால் ஆகாது. உறைபெட்டிக்கு மேலிருந்த அலமாரியில் அட்டைப்பெட்டி திறக்கப்படாமல் இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசித் தேர்வு. சனிக்கிழமை வகுப்பு மொத்தமும் தொப்பி போட்டுக்கொண்டு, பீர்ச் மரக் கிளைகளால் அலங்கரித்த லாரியில் ஏறி, ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் இருபத்தைந்து நிமிடம் நின்று தின்று குடித்துப் போகும். தில்டே வீட்டுக்கு மத்தியானம் இரண்டு பத்துக்கு வரும் என்று அட்டவணையில் இருந்தது. யொன்னா அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, இருபத்தாறு பேருக்கு ஆளுக்கு மூன்று மீன்வடை, உடைவதற்கும் சேர்த்து எண்பது என்று கணக்குப் போட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையும் தில்டே ஏலத்துக்குப் போனாள். மூன்று கிராமங்கள் மட்டும் முடித்துவிட்டு, வண்டியைப் பள்ளிக்குப் பின்னால் நிழலில் நிறுத்தினாள். கழிவறையில் எலுமிச்சையைத் தேய்த்துக் கைகழுவினாள். இரண்டு தடவை. மீன் வாடை போகவில்லை. எலுமிச்சை சேர்த்துச் சமைத்த மீனாக மாறியது.

மேசைமேல் பச்சைத் துணி விரித்திருந்தது. அதன்மேல் கேள்விச் சீட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. ஆஸ்கெருக்குப் பக்கத்தில் ஆரூஸ் நகரத்திலிருந்து வந்திருந்த வெளித் தேர்வாளர், சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு பெண்மணி. தில்டே ஏழாம் சீட்டை எடுத்தாள். தயாரிக்க ஒரு மணி நேரம். ஒரு பக்கக் கதை: வயலில் விளைச்சல் அறுப்புக்கு நிற்கிறது, மேற்கே மேகம் கூடுகிறது. மனைவி வந்து இன்றைக்கு அறுக்கலாமா என்று மூன்று தடவை கேட்கிறாள். புருஷன் அரிவாளைத் தீட்டிக்கொண்டே இருக்கிறான், பதில் சொல்வதில்லை. அவ்வளவுதான் கதை.

வாக்கிய அமைப்பைப் பற்றிச் சொன்னாள். மேகத்தைப் பற்றிச் சொன்னாள். பதினைந்து நிமிடம் ஓடிற்று. தேர்வாளர் பேனாவை வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தாள்.

"அந்த மனுஷன் பேசாம இருக்கானே, அதை நீ எப்படிப் புரிஞ்சுக்கற?"

தில்டேக்கு அது தெரியும். இந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் அவளுக்கு மட்டுமே தெரியும். பேசாதவன் கோபமாக இருக்கிறான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அவன் ஒரு இருட்டறையில் கையால் துழாவிக்கொண்டிருக்கிறான். அகப்படுவதெல்லாம் வேறு எதற்கோ உரிய சாமான். அவனுக்காகக் காத்திருப்பவளும் பேசுவதை நிறுத்திவிடுகிறாள். கொஞ்ச நாளில் வீடே நிறுத்திவிடுகிறது. என் அப்பா, என்று ஆரம்பித்தால் போதும்.

ஆனால் என் அப்பா என்று ஆரம்பித்தால் இடுப்பு என்று சொன்னது பொய்யாகும். ஆரூஸ்காரி தலையை ஒருபக்கம் சாய்ப்பாள்.

"சொல்லு," என்றார் ஆஸ்கெர். "நல்ல இடத்துல இருக்க."

"அவனுக்கு..." தில்டே பச்சைத் துணியைப் பார்த்தாள். "அவனுக்குச் சொல்ல ஒண்ணுமில்ல போல."

"கொஞ்சம் விரிச்சுச் சொல்ல முடியுமா?"

"அவ்வளவுதான்."

தேர்வாளர் பேனாவை எடுத்து எதையோ எழுதினாள்.

மதிப்பெண்ணைப் பற்றி அவர்கள் பேசி முடிக்கிறவரை வெளியே நிற்க வேண்டும். தில்டே கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், நடையில் அம்மாவும் அப்பாவும். யொன்னா ஆலையிலிருந்து சீக்கிரம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், நெற்றியில் கோடு. சக்கர நாற்காலியில் கெல்ட், கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டு, வலது கை மடியில் கட்டுண்டு கிடக்க, அதன்மேல் தொப்பிப் பெட்டி. கொஞ்சம் தள்ளி வேறு இரண்டு குடும்பங்கள் கையில் சின்னக் கொடிகளோடு.

"அம்மா, எதுக்கு அப்பாவ..."

"கடைசிப் பரீட்சைக்கு எல்லா வீட்டுலயும் வருவாங்க. நாம மட்டும் வரலேன்னா ஊர் என்னன்னு கேக்கும். பேசாம உக்காந்திருந்தா இடுப்புன்னு நினைச்சுக்கப் போறாங்க."

கதவு திறந்தது. ஆஸ்கெர் தலையை நீட்டினார். "தில்டே, வா. ஓ, இவங்கதான் அப்பா அம்மாவா? வணக்கம், வணக்கம்."

கெல்ட்டுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நல்ல வாடிக்கைக்காரர் வந்து நின்றால் மலர்கிற அதே முகம், ஒருபக்கம் மட்டும். இடது கையைத் தூக்கி மகளைக் காட்டி, வண்டிக் கதவு திறந்திருந்தால் தெருக்கோடிக்குக் கேட்கிற குரலில் அறிவித்தார்:

"நூற்றுப் பத்தொன்பது!"

ஆஸ்கெர் சிரித்தார். பிறகு கோணிய உதட்டைப் பார்த்தார். கட்டிய கையைப் பார்த்தார். சிரிப்பு அவர் முகத்தில் போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது.

"எப்பலருந்து?"

யொன்னா தரையைப் பார்த்துக்கொண்டு, "ஜனவரி," என்றாள்.

"ஜனவரியா? மீன் வண்டிய யாரு ஓட்டறது?"

ஆஸ்கெர் தில்டேயின் கைகளைப் பார்த்தார். வெடித்த விரல்கள், எலுமிச்சை வாடை.

"உள்ள வா," என்றார் மெதுவாக.

தேர்வாளர்தான் பேசினாள். குரலில் கனிவு இருந்தது. "ரெண்டு. இதுல நீ தேறிட்ட. நல்லா ஆரம்பிச்ச, ஒரு பெரிய விஷயத்தத் தொடப்போற நேரத்துல நின்னுட்ட. ஏன்னு எனக்குப் புரியல."

"இந்தப் பொண்ணு வீட்டுல..." என்று ஆஸ்கெர் தொடங்கினார்.

"வீட்டுக்கு நாம மதிப்பெண் போடறதில்ல ஆஸ்கெர். இங்க பேசினதுக்குத்தான்," என்றாள் அவள். அது நியாயம். தாளில் அவள் கையெழுத்தின் மை காய்ந்திருந்தது.

நடைக்கு வந்ததும் யொன்னா, "எவ்வளவு?" என்றாள்.

"ரெண்டு."

"ரெண்டுன்னா பாஸ்தானே? பாஸ்தானே?" அவள் பக்கத்துக் குடும்பத்தைப் பார்த்தாள். அவர்கள் ஆமாம் என்று கொடியை ஆட்டிக் கைதட்டினார்கள். கெல்ட் இடது கையால் பெட்டி மூடியைத் தட்டி விட்டார். யொன்னா காகிதத்தை விலக்கி, தொப்பியை இரண்டு கையாலும் எடுத்து உயர்த்தினாள்.

தில்டே அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அம்மா, வேணாம்."

"ஏன், அழுத்துமா? ஐம்பத்தாறுதான்."

"வேணாம்மா. நான் தேறல."

"இப்பத்தானே..."

"இதுல தேறிட்டேன். மொத்தத்துல தேறல. நாலு வேணும், ரெண்டுதான் வந்திருக்கு. எனக்குப் பத்துப் பரீட்சை வெச்சாங்கம்மா. எனக்கு மட்டும். மார்ச்சுல லெட்டர் வந்துச்சு."

"எல்லாருக்குந்தான்னு சொன்ன."

"ஆமா, சொன்னேன்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதானே இடுப்புன்னு சொல்லச் சொன்னீங்க."

தொப்பி இன்னும் இருவர் கைக்கும் நடுவில் அந்தரத்தில் இருந்தது. ஆஸ்கெர் கதவருகில் நின்றபடி, யாரிடம் என்றில்லாமல், "ஒரு வரி," என்றார். "ஒரே ஒரு வரி எழுதியிருந்தா அஞ்சு பரீட்சையோட முடிஞ்சிருக்கும். அடுத்த கோடையில மறுபடி எழுதலாம், ஆனா..." நிறுத்திக்கொண்டார். "நான் கேட்டேனே தில்டே. வீட்டுல எப்படின்னு கேட்டேனே."

"போகுதுன்னு சொன்னேன்," என்றாள் தில்டே.

யொன்னாவின் தலை சட்டென்று நிமிர்ந்தது. "போகுதுன்னு சொன்னாளா? அதக் கேட்டுட்டுமா நீங்க வீட்டுக்கு வரல?"

ஆஸ்கெருக்கு விளங்கவில்லை. விளங்காமலே கண் கலங்கி நின்றார்.

"சாத்தானே," என்றார் கெல்ட். இந்தத் தடவை அது இடம் தவறி வந்த சொல் இல்லை.

யொன்னா தொப்பியைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். மீனைச் சுற்றுகிற மாதிரி, காகிதத்தின் நாலு மூலையையும் ஒழுங்காக உள்ளே மடித்தாள்.

சனிக்கிழமை லாரியை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றாள் தில்டே. யொன்னா மாவும் மீனும் கலந்த பாத்திரத்திலிருந்து கையை எடுக்காமல், "இருபத்தாறு பேருக்குப் பிசைஞ்சாச்சு," என்றாள். காலையிலிருந்து வாணலியில் வெண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. எண்பது வடை. கறுப்பு ரொட்டி, மஞ்சள் சாஸ், வெள்ளரி ஊறுகாய். வாசலில் மீன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திப் பக்கக் கதவைத் தூக்கினார்கள். அவ்வளவு பேருக்குப் பரிமாற அதைவிட வசதியான மேசை அந்த வீட்டில் இல்லை. கெல்ட்டைத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். யொன்னாதான் வைத்தாள். உள்ளே ஜன்னலோரம் விட்டுவிடலாமா என்று தில்டே கேட்டதற்கு, "வெளியவே இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு பத்துக்கு ஊதலும் பாட்டுமாக லாரி வந்தது. பீர்ச் இலைகள் வாடியிருந்தன. இருபத்தைந்து வெள்ளைத் தொப்பிகள் குதித்து இறங்கின. மேற்குக் காற்றில் ஆளுக்கொரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். தில்டே வண்டிக்குள் ஏப்ரனோடு நின்றாள்.

"தில்டே! தொப்பி எங்கடி?" கார்லா, மூன்று வருடமாகப் பக்கத்து இருக்கைக்காரி, ஏற்கெனவே பதினோரு வீட்டுப் பீர் குடித்திருந்தாள். "கடைக்காரி வேஷத்துல இருக்கா பாருங்க! ஏறுடி, உன் இடம் காலியாவே வெச்சிருக்கோம்."

உள்ளே இருக்கிறது என்று சொல்லலாம். காற்றில் பறந்துவிடும் என்று சொல்லலாம். தில்டே அம்மாவைப் பார்த்தாள். அம்மா வடைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், கை நின்றிருந்தது.

"நான் தேறல," என்றாள் தில்டே, எல்லோருக்கும் கேட்கும்படி. "அப்பாவுக்கு இடுப்பு இல்ல. பக்கவாதம். பேச வராது. வண்டிய நாந்தான் ஓட்டினேன். அதான்."

லாரிக்காரன் இஞ்சினை அணைத்தான். காற்றில் இலைகள் உரசுகிற சத்தம் கேட்டது. கார்லா தன் தொப்பியைக் கழற்றிவிட்டாள். கழற்றியதை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். பின்வரிசையிலிருந்து ஒரு மீனவன் மகன் தொண்டையைச் செருமினான்.

"வண்டி சுத்தமா இருக்கு," என்றான்.

அந்த ஊரில் அதைவிடப் பெரிய ஆறுதல் வார்த்தை கிடையாது. எல்லோரும் வரிசையில் வந்தார்கள். ஒவ்வொரு தட்டையும் தில்டே நீட்டும்போது கெல்ட், "இருபத்தைந்து, இருபத்தைந்து," என்றார். முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் பைக்குள் கைவிட்டு இருபத்தைந்து குரோனரை எடுத்து வைக்கப் போனாள். யொன்னா அவள் கையைப் பிடித்து மூடிவிட்டாள். இருபத்தைந்து நிமிடம் முடிந்ததும் அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. கார்லா வண்டிக்குள் எட்டி, தில்டேயை ஏப்ரனோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். லாரி திருப்பத்தில் மறைந்த பிறகும் வெகுநேரம் ஊதல் கேட்டது.

வாரக் கடைசியில் கடை எடுக்கும்போது மிஞ்சிய சரக்கை அப்பா பாதி விலைக்குத் தள்ளிவிடுவார். காட் மீன் அறுபதுக்குக் கூடப் போகும். தில்டே தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "மிச்சமெல்லாம் பாதி விலைதானேப்பா?" என்று கேட்டாள். கெல்ட் வடைகளைப் பார்த்துத் தலையாட்டினார்.

"என்னையுமா?"

அவர் அவளையே பார்த்தார். வாய் இரண்டு மூன்று தடவை எதையோ துழாவித் திறந்து மூடிற்று. அவள் காத்திருந்தாள்.

"நூற்றுப் பத்தொன்பது," என்றார்.

பிறகு இடது கையை நீட்டி விரல்களை மடக்கினார். நாள் முடிந்ததும் கணக்குச் சீட்டை வாங்குகிற சைகை அது. தில்டே சில்லறை டப்பாவுக்கு அடியிலிருந்து, மதிப்பெண் கணக்குப் போட்டிருந்த மீன் காகிதத்தை எடுத்து, பென்சிலோடு கொடுத்தாள். யொன்னாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். முதல் தடவையாக மூன்று பேரும் ஒரே காகிதத்தைப் பார்த்தார்கள். கெல்ட் மேலிருந்து கீழே ஒவ்வொரு எண்ணாகப் பென்சில் முனையை நகர்த்தினார். மைனஸ் மூன்றின்மேல் சற்று நேரம் நின்று, அப்படியும் உண்டா என்பது போல மகளை நிமிர்ந்து பார்த்து, கீழே போனார். கூட்டலில் தவறில்லை. தவறிருக்கும் என்று தில்டே கொஞ்சம் எதிர்பார்த்திருந்தாள்.

வாய்க்கு வராத சொற்கள் தினமும் கணக்கெழுதிய பழக்கத்தில் கைக்கு வந்தன போல. கோணல்மாணலான இடது கை எழுத்தில் அடியில் எழுதி, வாடிக்கைக்காரருக்குச் செய்வது போல இரண்டு கோடு இழுத்தார்.

வடை: செய்தது எண்பது, போனது எழுபத்தொன்று, மீதி ஒன்பது.

தில்டே: வேண்டியது நாற்பத்தெட்டு, வந்தது நாற்பத்து நாலு, பாக்கி நாலு.